ஒரு நடை வந்துட்டுப் போங்க

கண்ணாடியக்கா மலையேறப் போனதே ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டதால்தான். இதை அவளே சிரித்துச் சிரித்துச் சொல்வாள். சொல்லி முடித்ததும் முகம் லேசாகக் கோணிக்கொள்ளும். ஏனென்றால் முதல் தடவை போனதற்கு அவளிடம் ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் தடவை போனதற்கு ஒன்றுமே இல்லை.

அவளுக்கு வேலை மூக்குக் கண்ணாடிக் கடையில். முன்பக்கம் விளக்கும் அலங்காரமும் முதலாளியுடையது. பின்பக்கத்துச் சின்ன அறை அவளுடையது. ஃபிரேமின் அளவுக்கு லென்ஸைத் தேய்க்கிற மெஷின், அது கக்குகிற வெள்ளைச் சேறு, கம்பியைச் சூடு காட்டி வளைக்க ஒரு குட்டி ஹீட்டர், கடுகளவுத் திருகாணிகள் போட்ட டப்பாக்கள். கண்ணாடி தயாரானதும் ஆளை எதிரே உட்கார வைத்து மாட்டிப் பார்ப்பதும் அவள்தான். மனிதர்களுக்கு இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. அதனால் ஒரு கம்பியைக் கொஞ்சம் இறக்கி இன்னொன்றைக் கொஞ்சம் ஏற்றி, "இப்ப தலையைக் குனிங்க" என்பாள். குனிந்தும் விழவில்லை என்றால் வேலை முடிந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்த இடம்தான். ஐம்பது வயது வரைக்கும் அவள் நடந்த தூரமெல்லாம் பஸ் நிறுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் இருந்ததுதான்.

கடைக்கு வந்த வாடிக்கையாளர்களில் ஒருவர் பெயின்ட் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு கும்பலைக் கூட்டிக்கொண்டு மலையேறுகிறவர். கும்பலில் அவருக்குத் 'தலை' என்று பெயர். முன்னால் போவதால் அந்தப் பெயர். மற்றபடி தலையில் மயிரும் இல்லை, பெரிதாகக் கனமும் இல்லை. அவர் ஒருநாள் கண்ணாடியை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது சொன்னார்.

"எங்க ஆளுங்க பாதிப் பேருக்குக் கண்ணாடி நழுவி நழுவி விழுதும்மா. ஞாயித்துக்கிழமை காலைல மலையடிவாரத்துக்கு ஒரு நடை வந்துட்டுப் போங்களேன்."

கண்ணாடியைச் சாக்கு வைத்து அவர் கூப்பிட்டது, கூடவே நடக்க. கண்ணாடியக்காவின் காதில் விழுந்தது, ஒருதரம் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போ என்று. அவளைக் குறை சொல்லக்கூடாது. ஒரு நடை வந்துவிட்டுப் போ என்றால் நம்மில் யார் செருப்பை மாற்றுகிறோம்? ஆக அவள் நல்ல புடவை ஒன்றைக் கட்டி, மெல்லிய வார் வைத்த செருப்பைப் போட்டு, ஸ்க்ரூ டிரைவர் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு போய் இறங்கினாள். அங்கே எல்லாரும் பூட்ஸும் முதுகுப் பையுமாக நின்றார்கள். அவள் டப்பாவைத் திறந்து கண்ணாடிகளை ஒவ்வொன்றாக இறுக்கிக் கொடுத்தாள். எல்லாரும் நன்றி சொல்லி, வாங்க போகலாம் என்று மேலே ஏற ஆரம்பித்தார்கள். திரும்பிப் போக மத்தியானம் வரைக்கும் பஸ் கிடையாது என்பது அப்போதுதான் தெரிந்தது. சும்மா நிற்பானேன் என்று அவளும் பின்னாலேயே போனாள்.

உச்சியில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மொட்டைப் பாறை, நிறையக் காற்று. இறங்கும்போது ஒரு செருப்பு வார் அறுந்தது. மறுநாள் தொடை இரண்டும் கடைப் படியைக்கூட ஏறவிடவில்லை. இனிமேல் அந்தத் திசைக்கே ஒரு கும்பிடு என்று முதலாளியிடம் சொன்னாள். சொன்னவள் அடுத்த ஞாயிறு விடிவதற்கு முன்னால் எழுந்து, பழைய கான்வாஸ் ஷூவைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று அன்றைக்கும் தெரியாது, மூன்று வருஷம் கழித்தும் தெரியாது.

இதெல்லாம் ஒரு பிரச்சினையே அல்ல, வீட்டில் இன்னொரு ஆள் இல்லாதிருந்தால். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு அந்த இரண்டு அறை வீட்டில் மிச்சம் அவளும் வீட்டுக்காரரும்தான். அவருக்கு வேலை அச்சகத்தில் பிழை திருத்துவது. பாடப்புத்தகம், விலைப்பட்டியல், மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிற பொடி எழுத்துத் தாள் என்று எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பி அச்சாகாது. அவருக்குத் தெரிந்த நடை ஒன்றே ஒன்றுதான், உரைநடை. "நடை சரியில்ல" என்று அவர் முனகினால் யாரோ எழுதியது சரியில்லை என்று அர்த்தம். வலது முழங்கால் தேய்ந்துபோனவர். மாடிப்படி என்றால் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குவார். ஒரு வாக்கியத்தில் 'ஆகவே' வந்தால் அதற்கு முன்னால் ஒரு காரணம் இருந்தே ஆகவேண்டும் அவருக்கு. பெண்டாட்டி ஞாயிறுதோறும் விடியலில் கதவைச் சாத்திக்கொண்டு போனாள், காரணத்தைக் காணோம்.

முதல் வருஷம் விளையாட்டாகத்தான் கேட்டார். அவளும் விளையாட்டாகத்தான் பதில் சொன்னாள். பிறகு அவர் கேட்பது விளையாட்டில்லை என்று புரிந்தபோது, சொல்வதற்கு நல்லதாக ஒரு காரணம் தேவைப்பட்டது. மலையில் மற்றவர்களிடம் கேட்டு வைத்தாள். கும்பலில் பேக்கரி நடத்துகிற ஒருவர் இருந்தார். சர்க்கரை வியாதிக்காக டாக்டர் சொல்லி நடக்கிறார். கண்ணாடியக்கா அதையே வீட்டில் சொன்னாள். வீட்டுக்காரர் கையோடு அவளைக் கூட்டிப்போய் ரத்தப் பரிசோதனை செய்யவைத்தார். சர்க்கரை அளவோடு இருந்தது. டிரைவிங் சொல்லிக் கொடுக்கிற பெண் ஒருத்தி, வாரம் முழுக்கப் பக்கத்து ஸீட்டில் பிரேக்கில் கால் வைத்தபடி பயந்து பயந்து உட்கார்ந்திருப்பதால், ஒருநாளாவது மனசு நிம்மதியாக இருக்க வருவதாகச் சொன்னாள். அது பிரமாதமான காரணமாகப் பட்டது. வீட்டில் சொன்னதும் அவர் கையிலிருந்த பேனாவை மூடிவைத்தார்.

"அப்ப இந்த வீட்ல நிம்மதி இல்லையா?"

அதற்குப் பிறகு அவள் எதைச் சொன்னாலும் அது சுற்றிவந்து அவர் மேலேயே விழுந்தது. நல்ல காற்று என்றாள். அவர் அவளுடைய கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டார், கால்வலியோடு, தனியாக. நாலு பேரோடு பேசலாம் என்றாள். என்னோட பேச என்ன தடை என்றார். மகள் போன வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள், அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.  அதற்கு அவர், நான் ஒருத்தன் இங்கே இருக்கிறேனே, என்னைப் பார்த்தால் மேசை நாற்காலி மாதிரித் தெரிகிறதா என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

தெரியலைங்க என்பதுதான் நிஜமான பதில். அதையும் பல தடவை சொல்லியிருந்தாள். ஆனால் தெரியாது என்கிற பதிலை யார் நம்புவார்கள்? கால் வலிக்க, மூச்சு வாங்க, மழையில் நனைந்து, வெயிலில் கறுத்து, ஒருத்தி வாராவாரம் ஓரிடத்துக்குப் போகிறாள், கேட்டால் தெரியாது என்கிறாள். நமக்கே சந்தேகம் வரும். கண்ணாடியக்காவுக்கே தன் மேல் சந்தேகம் வந்தது. மெஷினில் லென்ஸைப் பிடித்துக்கொண்டு, இந்த மனுஷனை விட்டு ஓடத்தான் போகிறேனோ, அதை எனக்கே சொல்லாமல் மறைக்கிறேனோ என்று யோசிப்பாள். அப்படி யோசித்த ஒரு நாளில் ஒரு லென்ஸின் ஓரம் தெறித்தது. யோசித்துப் பார்த்தால் அவரை அவளுக்குப் பிடிக்கும். சாயங்காலம் வீட்டுப் பூட்டு திறந்திருந்தால், அவர் முன்னாலேயே வந்துவிட்டார் என்று ஒரு சந்தோஷம் இன்றைக்கும் வரும். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை ஏன் விட்டுவிட்டுப் போகிறாள்? குழப்பம்தான் மிஞ்சியது.

மலையிலாவது பதில் கிடைக்குமா என்று ஏறும்போது தன்னையே கவனித்துப் பார்த்தாள். அதிலும் பிரயோஜனம் இல்லை. ஏற ஆரம்பித்ததும் 'எதற்கு வந்தோம்' என்று தோன்றும். பாதி வழியில் 'அந்த வளைவோடு திரும்பிவிடலாம்' என்று தோன்றும். வளைவு வந்ததும் அதற்கு அப்பால் பாதை கொஞ்சம் தெரியும், கால் போகும். உச்சிக்குப் போனால் 'எப்போது இறங்குவோம்' என்றிருக்கும். இதில் சுகம் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவளால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. மற்றவர்கள் சொன்ன காரணங்களும் நாள்பட நாள்பட இளைத்துப்போயின. பேக்கரிக்காரருக்கு இத்தனை நடந்தும் சர்க்கரை இறங்கவே இல்லை, இறங்கவில்லை என்று அவர் வருவதை நிறுத்தவும் இல்லை. இறங்காத சர்க்கரைக்கு எதற்கு ஏறுகிறீர்கள் என்று கேட்டதற்கு, அவர் இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்துவிட்டு பன்னை நீட்டினார்.

மூன்றாம் வருஷம் வீட்டுக்காரர் கேட்பதை நிறுத்திவிட்டார். சண்டை போடுகிறவரைச் சமாளிக்கலாம், வாயை மூடிக்கொண்டவரை என்ன செய்வது? ஞாயிறு மத்தியானம் அவள் திரும்பி வரும்போது சமைத்து மூடி வைத்திருப்பார். அவர் சாப்பிட்டிருக்க மாட்டார். சாப்பாட்டுக்கு எதிரே நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். பசிக்கவில்லை என்பார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், துவைத்த துணியை மடித்துக்கொண்டே, தட்டுத் தடங்கல் இல்லாமல் சொன்னார். ஏற்கெனவே பலமுறை மனசுக்குள் எழுதித் திருத்திய வாக்கியங்கள் என்று கேட்டாலே தெரிந்தது.

"உனக்கு என்னோட இருக்கப் பிடிக்கலைன்னா சொல்லிடு. கோவப்பட மாட்டேன். அண்ணன் வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. பேசிட்டேன். அடுத்த மாசம் போயிடறேன்."

 இந்த மனிதர் விளையாட்டுக்குக்கூட அண்ணன் வீடு என்று சொல்கிறவர் அல்ல. அந்த அண்ணனோடு பேச்சுவார்த்தை நின்று எத்தனையோ வருஷம் ஆகிறது. அந்த மௌனத்தை உடைத்துக்கொண்டு போய் ஓர் அறை கேட்டிருக்கிறார் என்றால், முடிவே செய்துவிட்டார் என்றுதான் அர்த்தம். அப்படியெல்லாம் இல்லவே இல்லை என்று அவள் சத்தியம் செய்தாள். நாளையிலிருந்து மலைக்குப் போகவில்லை என்றாள். அதையும் அவர் ஏற்கவில்லை. நீ போவதை நிறுத்திவிட்டால் காரணம் எனக்குத் தெரியாமலே போய்விடும் என்றார். வேறு வழி தெரியாமல் அவள் சொன்னாள்: "அப்ப நாளைக்கு நீங்களே வந்து பாருங்க. என்ன இருக்குன்னு உங்களுக்காவது தெரியுதான்னு பார்ப்போம்."

வந்தார். முழங்காலுக்குப் பட்டை கட்டி, குடை எடுத்து, ஒரு துணிப்பையில் தண்ணீர் பாட்டிலும் திருத்தவேண்டிய தாள்களுமாக வந்தார். தலை அவரை ராஜமரியாதையாக வரவேற்றார். அவர் எல்லாரையும் உற்று உற்றுப் பார்த்தார். யாரைப் பார்க்க இவள் வருகிறாள் என்கிற கணக்கு அந்தப் பார்வையில் இருந்தது. கண்ணாடியக்காவுக்கு அது புரிந்தது, கோபமும் வந்தது. பேக்கரிக்காரரின் தொந்தியைப் பார்த்ததும் அவர் கொஞ்சம் ஆறுதல் அடைந்தது போலத் தெரிந்தது.

கொஞ்ச தூரம் ஏறினால் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் ஒரு மர நிழல். அதற்கு மேல் கால் வரவில்லை. தாள்களைப் படித்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன், நீ போய் வா என்றார். அவளும் கூடவே உட்காரப் பார்த்தாள். அவர் விடவில்லை. நீ எப்படிப் போகிறாயோ அப்படியே போ, அதைப் பார்க்கத்தானே வந்தேன் என்றார். போனாள். வளைவில் திரும்பிப் பார்த்தபோது அவர் தாளைப் படிக்கவில்லை, அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு உச்சியில் அவளுக்கு ஒரு நிமிஷம்கூட நிற்கப் பொறுக்கவில்லை. மற்றவர்களுக்கு முன்னால் தனியாக இறங்கி வந்தாள்.

தொட்டியடியில் யாரும் இல்லை. பை இல்லை, குடை இல்லை, தாள்கள் இல்லை. கூப்பிட்டாள், குரல்தான் திரும்பி வந்தது. போனில் கூப்பிட்டால் அவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். கண்ணாடியக்காவுக்குத் தோன்றியது ஒன்றுதான்: மனுஷன் அடுத்த மாதம் வரைக்கும் காத்திருக்கவில்லை. அவள் முதுகு அந்த வளைவில் மறைவதைப் பார்த்தார், தெரியவேண்டியது தெரிந்துவிட்டது, எழுந்து போய்விட்டார்.

அடிவாரத்துக்கு ஓடினாள். எப்படி ஓடினாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. பஸ் நிறுத்தத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கிற பெண், குடையோடு யாரும் வரவில்லை, பஸ்ஸே இன்னும் வரவில்லை என்றாள். அப்படியானால் விழுந்திருக்கிறார். அந்த முழங்காலோடு எந்தப் பள்ளத்திலோ கிடக்கிறார். திரும்ப மேலே ஓடினாள். அதற்குள் கும்பலும் இறங்கி வந்திருந்தது. தலை ஆட்களை இரண்டு பக்கமும் அனுப்பினார். டிரைவிங் பெண் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியக்கா அதை உதறிவிட்டு, தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மனசுக்குள் அவரைத் திட்டினாள், கெஞ்சினாள், திரும்பத் திட்டினாள்.

அவர் வந்தது யாருமே போகாத பக்கத்திலிருந்து. தொட்டிக்குப் பின்னால், புதருக்குள், ஆடு போகிற மாதிரி ஒரு தடம் இருந்தது. அதிலிருந்து குடையை ஊன்றிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். கால்சட்டை முழுக்க மண். கண்ணாடியில் வியர்வை வழிந்தது. முகத்தில் ஒரு மலர்ச்சி, அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. எங்கே போனீர்கள் என்று தலைதான் கேட்டார். உட்கார்ந்திருந்தேன், இங்கே ஒரு தடம் தெரிந்தது, கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம் என்று போனேன், அப்புறம் இன்னும் கொஞ்சம் போனேன் என்றார். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பேக்கரிக்காரர் ஆவலாகக் கேட்டார். ஒன்றும் இல்லை, தடம் போய்க்கொண்டே இருக்கிறது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தலை அவரைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினார்.

கண்ணாடியக்கா சிரிக்கவில்லை. கும்பல் நகர்ந்த பிறகு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏன் போனீங்க?"

"தெரியலம்மா."

பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது. அவர் காலை நீட்டி முழங்காலைத் தடவிக்கொண்டார். அண்ணன் வீட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த வாரம் இந்தப் பட்டை போதாது, நல்லதாக ஒன்று வாங்கவேண்டும் என்றார். இதைக் கேட்க அவள் என்ன விலையும் கொடுத்திருப்பாள், காலையில். இப்போது அது காதில் ஏறவே இல்லை. அவரை உட்கார வைத்துவிட்டுத் தான் போனதில் கோபமா என்று கேட்டாள். இல்லை என்றார். தேடி அலையட்டும் என்று நினைத்தீர்களா என்று கேட்டாள். அதெல்லாம் இல்லை என்றார். அப்படியென்றால் வேறு ஏதோ இருக்கவேண்டும், இந்தக் காலோடு ஒரு மனிதர் ஒன்றுமில்லாமல் எழுந்து போவாரா என்றாள். அவர் உண்மையாகவே யோசித்தார். சரியான சொல் அகப்படாதபோது உதட்டைக் கடிப்பாரே, அப்படிக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"சத்தியமா தெரியல."

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். அது அவளுக்கு இத்தனை வருஷமாகத் தெரியும். இருந்தாலும் நம்ப முடியவில்லை. நம்பவேண்டும் என்று தன்னையே அதட்டிப் பார்த்தாள். முடியவில்லை. பக்கத்தில் அவர் தோள் இடித்துக்கொண்டிருக்க, என்னோடு இருப்பதில் இவருக்கு என்ன குறை, எதைச் சொல்லாமல் விழுங்குகிறார் என்று மனசு அரித்தது. தொட்டியடியில் நின்ற அந்தக் கொஞ்ச நேரமே அவளை இப்படி ஆக்கிவிட்டதே. இவர் ஒவ்வொரு ஞாயிறும் கதவு சாத்தின சத்தம் கேட்டதிலிருந்து சாப்பாட்டுக்கு எதிரே இப்படித்தான் இருந்திருக்கிறார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னங்க" என்றாள். "இத்தனை நாளா உங்களை இப்படி உட்கார வெச்சுட்டேனே."

"எப்படி?" என்றார் அவர், புரியாமல்.

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.